வாசலில் ஏழாவது ஜோடி

தொடர்கதையில் கண்மாயில் மூழ்கிச் செத்த நிலவழகனின் செருப்பில் மறுநாள் காலை தண்ணீர் நின்றது. அந்தச் செருப்பு கிடந்தது கதைக்குள் அல்ல, அரிமளத்தில், கதையை எழுதிய சிவரஞ்சனியின் வீட்டு வாசலில்.

அது அங்கே வந்ததற்குக் காரணம் அவள் செய்த ஒரு குளறுபடி. வார இதழில் தொடர் ஆரம்பித்த புதிதில், புதுக்கோட்டையில் மாலை போட்டுக்கொண்டிருந்த ஆளையே அதே நேரத்தில் கந்தர்வக்கோட்டையிலும் அடி வாங்க வைத்துவிட்டாள். "மேடம், ஒங்க ஹீரோ என்ன டவுன் பஸ்ஸா, டிரிப் அடிக்க?" என்று இதழாசிரியர் ஆத்மநாதன் போனில் கேட்டார். அன்றைக்கே அவள் கதையில் வரும் ஆளுக்கு ஒரு ஜோடி பழைய செருப்பை ஒதுக்கினாள். இந்த வாரம் கதையில் வருபவர்கள் நிலைப்படியோரம், வெளியூர் போனவர்கள் கேட்டோரம், செத்தவர்கள் கொல்லைப்புறம். "கல்யாண வீடாடி இது, இத்தனை செருப்பு?" என்று எதிர்வீட்டு அழகி நக்கலடித்தாள். கொஞ்ச நாளில் செருப்புகள் தாமாகவே இடம் மாற ஆரம்பித்தன. கதையில் இன்ஸ்பெக்டர் முந்திரிக்காட்டுக்குப் போனால், விடிந்ததும் அவர் ஜோடியில் முந்திரிச் சருகு ஒட்டியிருக்கும். சிவரஞ்சனி வாசலைக் கூட்டும்போதே யார் எங்கே என்று பார்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அப்புறம் தொடரில் ஒரு பிழைகூட வந்ததில்லை. தெருவும் இதைப் பால்காரர் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டது.

ஏழாவது ஆளாக வில்லன் நிலவழகன் வந்தபோது வீட்டில் பழைய செருப்பு தீர்ந்திருந்தது. மஸ்கட் போன புருஷன் வசந்தகுமார் விட்டுப்போன ஜோடி சும்மாதானே கிடக்கிறது என்று அதை எடுத்து வைத்தாள்.

இப்போது அதில்தான் பாசியோடு தண்ணீர் நின்றது. வழக்கப்படி கொல்லைக்குக் கொண்டுபோகத் தூக்கினாள். யாரோ போட்டுக்கொண்டு நிற்கிறமாதிரி கனத்தது. தினமும் போனில் பேசுகிற வசந்தகுமார் அன்று பேசவில்லை. இவள் போன் அடித்தபோது அவனோடு அறையில் தங்கியிருக்கும் உதயசூரியன்தான் எடுத்தான். "அண்ணன் ஆஸ்பத்திரில இருக்காருக்கா. நுரையீரல்ல தண்ணியாம். மழையே இல்லாத ஊர்ல எங்கிட்டிருந்துக்கா தண்ணி வரும்?"

அவள் போனை வைத்த கையோடு அடுத்த அத்தியாயத்தை எழுதினாள். கரையில் துணி மூடிக் கிடந்த நிலவழகன் இருமினான். வாசலில் தண்ணீர் அரை விரல் இறங்கியது. ஆத்மநாதனுக்கு அனுப்பினாள். "பொணம் எந்திரிக்குதா? சிரிப்பாங்க மேடம், போட முடியாது" என்றார் அவர். அவர் சொல்லி வாய் மூடுமுன் செருப்பு நிரம்பி நிலைப்படியில் வழிந்தது. "சிரிக்கட்டும் சார். இதைப் போடலைன்னா தொடரே கிடையாது" என்றாள். அவர் இன்னும் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தார். கடைசியில், "சரி, தொலைங்க, போடுறேன்" என்றார். செருப்பு வெயிலில் காய்ந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. சாயங்காலம் வசந்தகுமாரே கூப்பிட்டான். "என்னமோ கண்மாய்க் கரையில படுத்துக் கெடந்த மாதிரியே இருந்துச்சு, ரஞ்சனி" என்றான், இருமிக்கொண்டே.

வாசகர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், பிறகு பழகிப்போனார்கள். தொடர் இன்னும் முடியவில்லை. லாரி மோதுகிறது, மலையிலிருந்து தள்ளுகிறார்கள், விஷம் வைக்கிறார்கள். நிலவழகன் சட்டையைத் தட்டிவிட்டு எழுந்து போகிறான். அவனைச் சாகவிடாமல் இருப்பதற்குத்தான் தொடர் ஓடுகிறது என்பது ஆத்மநாதனுக்குக்கூடத் தெரியாது.

போன தீபாவளிக்கு வசந்தகுமார் லீவில் வந்தான். வந்ததும் அந்தச் செருப்பையே மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது அதில் சித்தன்னவாசல் பாறைத்தூள் அப்பியிருந்தது. அந்த வாரம் நிலவழகன் ஒளிந்திருந்தது அங்கேதான். வசந்தகுமார் கவனிக்கவில்லை, நாற்காலியில் சாய்ந்து வார இதழைப் புரட்டினான்.

"இந்த நிலவழகன் பயல எப்பவோ போட்டுத் தள்ளிருக்கணும். ஏன் ரஞ்சனி இழுத்துக்கிட்டே கெடக்குற?"

"அவரு இருந்துட்டுப் போகட்டுங்க" என்றாள் சிவரஞ்சனி. செருப்பைத் தட்டித் துடைத்து, நிலைப்படியை ஒட்டி வைத்தாள்.