இருசப்பனின் நாடித்துடிப்பு

கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை பயிரிடும் இருசப்பனுக்கு எதுவும் சட்டென்று முடிய வேண்டும். 2005இல் மகள் தென்றல் பிளஸ் டூ முடித்து, நர்ஸ் படிப்புக்கு மூன்றரை வருஷம் என்றபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊசி போட ஒரு நிமிஷம் ஆவுமா? அதக் கத்துக்க மூணரை வருஷமா? அதுக்குள்ள எத்தினி போகம் மல்லாட்டை எடுத்துடலாம்!"

திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஆறே மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். மறுநாளே மகளை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே முதல்வர் தசரதன் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். "அவசரம்னா நாலு மாசத்துலயும் முடிச்சுக் குடுப்போங்க" என்றார். இருசப்பனுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பழகறதுக்கு எந்த ஆஸ்பத்திரிங்க சார்?" என்று தென்றல் கேட்டாள்.

தசரதன் சுவரில் தொங்கிய மனித உடம்புப் படத்தைக் காட்டினார். "எல்லாம் அதுலயே இருக்கும்மா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, படிப்பு முடிக்கப்போகும் ரேணுகாம்பாளைக் கூப்பிட்டு, "ஐயாவுக்கு பிபி பாரு" என்றார். அந்தப் பெண் இருசப்பன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். காது கொடுத்துக் கேட்டாள். மறுபடி அடித்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு வியர்த்துவிட்டது.

"சார், இவருக்கு ஒண்ணுமே துடிக்கல சார்."

தசரதனும் பிடித்துப் பார்த்துவிட்டு, "சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்.

இருசப்பன் எப்படி மாடியிறங்கினார் என்று அவருக்கே தெரியாது. "தென்றலு, உங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்பு" என்று புலம்பிக்கொண்டே ஆட்டோ ஏறி, அரசு ஆஸ்பத்திரியில் போய் விழுந்தார்.

அங்கிருந்த நர்ஸ் அருணாதேவி பார்த்த வேகத்தில் சொல்லிவிட்டார். "நல்லாவே துடிக்குது. பயந்ததுல கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

போன உயிர் திரும்பியது. "நீங்க எத்தினி வருஷம் படிச்சீங்கம்மா?"

"எங்க காலத்துல மூணு வருஷம், இப்ப மூணரை. நாலு வருஷப் படிப்பும் இருக்குங்க."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

இருசப்பன் மகள் பக்கம் திரும்பினார். "கம்மியா எதுவும் வாணாம். எல்லாத்தையும் படி!"

"நாள மட்டும் பாத்தா எப்படிப்பா? படிப்பு எப்படினு பாக்க வாணாமா?" என்றாள் தென்றல்.

அப்பாவும் மகளுமாக இரண்டு கல்லூரிகளுக்குப் போனார்கள். நாலு வருஷக் கல்லூரி கண்ணாடி போட்டுப் பளபளத்தது. அதன் ஆஸ்பத்திரிக் கட்டில்களிலோ ஒரு நோயாளிகூட இல்லை. இன்னொன்று மூன்றரை வருஷப் படிப்பு, பழைய கட்டடம். ஆனால் வார்டு நிறையக் கூட்டம், ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு மாணவி, அவள் பின்னாலேயே அதட்டிக்கொண்டு ஒரு டீச்சர். தென்றல் அந்த மூன்றரை வருஷத்திலேயே சேர்ந்தாள். ஆறு மாதம் குறைந்துவிட்டதே என்று இருசப்பனுக்குக் கொஞ்சம் குறைதான்.

முதன்முதலாக வார்டுக்குப் போனவள், புண்ணின் கட்டைப் பிரித்ததைப் பார்த்து மயங்கி விழுந்தாள். நோயாளியே எழுந்து தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போன் போட்டு அழுதாள்.

"அழுவாதம்மா" என்றார் இருசப்பன். "மயக்கம் தெளியறதுக்கும் சேர்த்துத்தான் மூணரை வருஷம் வச்சிருக்காங்க."