படகுப் பாட்டு ஆறு நிமிடம் பத்து வினாடி

"ஆராய்ச்சிக் கட்டுரையில உங்க பேரு முதல்ல வருமாம், செத்தவர் பேரு கடைசியில நன்றின்னு வருமாம். நல்லா இருக்கே நியாயம்!"

"அண்ணி, கொஞ்சம் மெதுவா பேசுங்க. நாலு பேர் காதுல விழுது."

அந்த நாலு பேரும் நான்தான். சுவருக்கு இந்தப் பக்கம், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தேன்.

கத்தியவள் அடுத்த வீட்டுக்காரி. அவள் கணவர் விதை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி. குடியிருப்பில் அவருக்குப் பெயர் 'மேளம் டாக்டர்'. போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பதில் சொன்னவர் அவருடைய துறைத் தலைவர்.

டாக்டரின் கடைசி வேலை, விதையை ஒரு மருந்துநீரில் ஊறவைப்பது. சரியான நேரத்தில் எடுத்தால் நாற்று அழுகாது; கொஞ்சம் தாண்டினால் விதையே செத்துவிடும். அந்த நேரத்தை மனிதர் கடிகாரம் பார்த்தா குறித்தார்? குடுவையை ஆட்டிக்கொண்டே நாட்டுப்பாட்டு பாடுவார். நோட்டில் 'படகுப் பாட்டு மூன்று முறை', 'நடவுப் பாட்டு ஒன்று' என்று எழுதிவைப்பார். வீட்டில் மேளத்தோடு பாடினாலும் ஆய்வகத்தில் முணுமுணுத்தாலும் வேகம் இம்மி மாறாது. கடைசி அடியை மட்டும் இரண்டு முறை திருப்புவார். இது தெரியாமல் தலைவர் வேறு யாரோ பாடிய பதிவை ஓடவிட்டு ஊறவைத்தாராம். மூன்று தட்டு விதையும் கூழ்.

"ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு நேரம்னு மட்டும் சொல்லுங்க அண்ணி. வேற எதுவும் கேக்கல."

"அவர் பேரை முதல்ல போட்டு எழுதிக் கொண்டாங்க, நானே பாடிக் காட்டுறேன். அவரைக் கூத்தாடின்னு கேலி பண்ணின வாய்தானே இது?"

கதவு சாத்திய வேகத்தில் என் வீட்டுக் காலண்டர் ஆடியது. அவள் கையில் இருந்த ஒரே பிடி அந்த நிமிடங்கள்தான்.

மறுநாள் காலை தலைவர் என் வாசலில் நின்றார். கையில் பழைய கோப்பு. உள்ளே என் கையெழுத்து! குடியிருப்பு நிலையத்துக்குச் சொந்தம் என்பதால், மேளச் சத்தம் தாங்கவில்லை என்று அங்கேதான் புகார் எழுதுவேன். 'மாலை 6.10க்கு ஆரம்பம், 6.16க்கு மேல் பத்து வினாடியில் முடிவு, 6.20க்கு மறுபடியும்.' மொத்தம் பதினேழு கடிதம்.

"என்ன கவனம் மேடம் உங்களுக்கு! எங்க ஆளுங்ககூட இப்படிக் குறிக்க மாட்டாங்க. எது எந்தப் பாட்டுன்னு மட்டும் சொல்லிடுங்களேன்."

இருபத்தாறு வருடத்தில் என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை இப்படிச் சொன்னதில்லை. தலைவரை உட்காரச் சொன்னேன். டீ போட்டேன். விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். படகுப் பாட்டை முழுதாகவே பாடிக் காட்டினேன். அது எனக்கு எப்போது மனப்பாடம் ஆனதோ!

ஐந்து மாதத்தில் கட்டுரை வந்தது. தலைவர் பெயர் முதலில். கடைசிப் பக்கத்தில் நன்றிக்குரியோர் இரண்டு பேர்: நேரக் குறிப்புகளுக்காக நான், எனக்குக் கீழே டாக்டர்.

அந்தத் தாளோடு அவள் வந்தாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன்.

"சுவரைத் தட்டித் தட்டி நிறுத்தச் சொன்னீங்க, பொறுத்துக்கிட்டோம். நிமிஷம் வேற எண்ணி வச்சிருந்தீங்களா அக்கா?"

"கேட்டாங்க, சொன்னேன். இதுல என்ன..."

"சரிதான். கேட்டாங்க, சொன்னீங்க." தாளை என் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை எங்கள் கதவைத் தாண்டி மாடி வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளை கடிகாரம் பழுதுபார்ப்பவராம். மாடி வீட்டுக்காரிதான் சொன்னாள். கல்யாணம் முடிந்த கையோடு அம்மாவும் மகளோடு கிளம்பிவிட்டாள். மற்ற சாமானெல்லாம் வண்டியில் ஏற, மேளத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கையசைத்தேன், அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தாள். தலைவர் பதவி உயர்வோடு தலைமையகத்துக்குப் போனார். அடுத்த வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். ரேடியோகூட வைப்பதில்லை. சுவரில் காதை வைத்தும் பார்த்துவிட்டேன்.