பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ்

பூர்ணிமாவுக்கும் ஜூடுக்கும் ஆகாது என்றுதான் குழுவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறவர்களுக்கான வாட்ஸ்அப் குழு அது. காலையில் யாராவது ஒரு ஃபிளாப்பி டிரைவின் படத்தைப் போட்டால், மத்தியானத்துக்குள் அது இந்த இரண்டு பேரின் வாக்குவாதமாக மாறியிருக்கும். மற்றவர்கள் சிரிப்பு பொம்மை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

பூர்ணிமா விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். நாற்பத்தைந்து வயது. பழைய மெஷின் எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும், ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது என்பது அவள் கட்சி. ஜூடு வேப்பூரில் ஹைவே ஓரமாக பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்திருந்தார். அவளைவிட நாலைந்து வயது சின்னவர். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா, மெமரி கார்டை மாட்டு. பவர் சப்ளை போய்விட்டதா, புதுசு போடு. மெஷின் ஓடவேண்டும், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. ‘ஓடாத கம்ப்யூட்டரும் தகர டப்பாவும் ஒண்ணுதாங்க மேடம்’ என்று எழுதுவார். ‘எல்லாத்தையும் மாத்திட்டு அதையே பழைய கம்ப்யூட்டருன்னு எப்படி சார் சொல்றீங்க?’ என்று அவள் பதில் போடுவாள்.

அவளிடம் பேருக்கு ஏழெட்டு மெஷின்கள் இருந்தாலும் உயிராக வைத்திருந்தது ஒன்றைத்தான். மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையின் ஏலச் சாமான்களில் கிடைத்த 286 என்கிற பழைய ரகக் கம்ப்யூட்டர். தொண்ணூற்றொன்றில் கம்பெனிக்காரன் பின்பக்கத் திருகாணி மேல் ஒட்டிய காகித சீல் இன்னும் கிழியாமல் இருந்தது. உள்ளே எவன் கையும் பட்டதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் மட்டும் போடுவாள். ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் மறந்துபோய்க் கேட்கும். அவளும் பொறுமையாக அடித்துக் கொடுப்பாள்.

“தேதி மறக்குதுன்னா உள்ள பேட்டரி செத்துருக்குதுன்னு அர்த்தம். செத்த பேட்டரி ஒழுகும். போர்டையே தின்னுடும். இன்னிக்கே சீலைப் பிரிச்சு அதைக் கழட்டி எறிங்க” என்று ஜூடு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். ஒரு முறை அல்ல, பல முறை.

“நல்லா ஓடுற மெஷினை எதுக்கு சார் அறுக்கணும்?” என்பதோடு அவள் முடித்துக்கொள்வாள். ஒரு முறை பேச்சு தடித்துப்போய், கோபத்தில் குழுவை விட்டே வெளியேறினாள். ராஜ்மோகன், அவள் கணவன், “புருஷன் பொண்டாட்டி சண்டைகூட இவ்வளவு நாள் நீடிக்காது” என்று கேலி செய்தான். பத்து நாளில் அவளே திரும்பிப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அந்த மெஷினைப் பள்ளிக் கண்காட்சியில் ஒரு முறை வைத்திருந்தாள். அங்கே அதைப் பார்த்த மதலேனா என்கிற அம்மாள்தான் கோடை லீவில் போன் செய்தாள். சிட்கோ எஸ்டேட்டில் செராமிக் யூனிட் நடத்துகிறவள். பியூஸ் கட்டைகளும் சின்ன இன்சுலேட்டர்களும் சுடுகிற யூனிட்.

“டீச்சர், ஒங்க கம்ப்யூட்டரு மாதிரியே ஒண்ணு எங்க சூளையில ஓடுதுன்னு அன்னிக்கு சொன்னேனே, நீங்க சிரிச்சீங்க. அது இப்ப கண்ணைத் தொறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

பூர்ணிமா அன்றே போனாள். தகரக் கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு கரண்டு சூளை. அதன் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிக்குள், மாவு பூசியது போல் களிமண் தூசி படிந்து, ஒரு 286. சூளைக்குள் எத்தனை டிகிரி சூடு என்பதை உள்ளே சொருகிய ஒரு நீளமான கார்டு மூலம் அது வாசிக்கும். எவ்வளவு மெதுவாக ஏற்றவேண்டும், எங்கே நிறுத்திப் பிடிக்கவேண்டும், எப்படி இறக்கவேண்டும் என்று பார்த்து கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும். மதலேனாவின் கணவர் இருந்த காலத்தில் யாரோ ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்த புரோகிராம். அந்த இன்ஜினியர் இப்போது எங்கே என்று தெரியாது. கணவரும் இல்லை. மெஷின் மட்டும் முப்பது வருஷத்துக்கு மேலாக வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

“இதுக்குப் பதிலா புதுசா ஒரு கன்ட்ரோலருக்குச் சொல்லியிருக்கேங்க. வர ரெண்டு மாசம் ஆவும்ன்றாங்க. அதுவரைக்கும் கையாலயே சுட்டுப் பாத்தேன். பாதி வெடிச்சிப் போவுது. கையில இருக்கிற ஆர்டரு போச்சுன்னா அந்தக் கம்பெனி வேற ஆளைப் பாத்துக்கும். பதினாலு பொம்பளைங்க வேலை செய்யறாங்க இங்க” என்றாள் மதலேனா. அழுகையோ கெஞ்சலோ இல்லை. நிலவரத்தைச் சொன்னாள்.

பூர்ணிமா மூடியைக் கழற்றினாள். போர்டின் ஓரத்தில் பீப்பாய் வடிவில் ஒரு சின்ன பேட்டரி. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. செம்புக் கோடுகள் அரித்து, சில இடங்களில் காணாமலே போயிருந்தன. ஜூடு எத்தனையோ முறை அனுப்பிய படங்களில் பார்த்ததுதான். 

குழுவில் எழுதவில்லை. நேராக ஜூடுக்கே போன் செய்தாள். முதல் முறையாக.

மறுநாள் காலை வேப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை, கையில் கோணியால் சுற்றிய ஒரு போர்டு. சண்டை போடுகிற ஆள் வாட்டசாட்டமாக இருப்பார் என்று நினைத்திருந்தாள். ஒல்லியாக, கொஞ்சம் கூச்சத்தோடு, “வணக்கங்க மேடம்” என்றார்.  ஆட்டோவில் யூனிட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

செத்த போர்டைப் பார்த்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். “இதுல ஒண்ணும் இல்லைங்க. ஆனா ஹார்ட் டிஸ்க்கு நல்லா இருக்குது, புரோகிராமு இருக்குது. அந்தக் கார்டு இப்ப இருக்கிற கம்ப்யூட்டருல மாட்டாது, சொருவ எடமே கெடையாது. அதான் என்கிட்ட இருந்த 486-ஐ எடுத்துட்டு வந்தேன். இதைவிட வேகமான மெஷினு. மாட்டிடலாம்.”

மாட்டினார்கள். புரோகிராம் வந்தது. திரையில் சூளையின் சூடு பச்சை எழுத்தில் ஓடத் தொடங்கியதும் மதலேனா சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு தட்டு சுடாத பச்சைக் கட்டைகளை மட்டும் உள்ளே வைத்து வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றாள்.

முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பூர்ணிமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டதாகத் திரை சொல்லியது. அவள் கைக்கடிகாரம் பாதிகூட ஆகவில்லை என்றது.

“சார், இது நேரத்தைக் கடிகாரம் பாத்து எண்ணலை. சும்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு, இவ்வளவு எண்ணினா ஒரு நிமிஷம்னு வச்சுக்குது. அந்த மெஷினோட வேகத்துக்கு எழுதினது. ஒங்க மெஷினு வேகமா எண்ணுது.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் சூளைக்குள் படீரென்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் சோளம் பொரிவது போல. ஈரம் போவதற்குள் சூடு ஏறி, கட்டைகள் வெடித்துக்கொண்டிருந்தன. மதலேனா ஓடிப்போய் மெயினை இறக்கினாள்.

ஜூடு விடவில்லை. வேகத்தைக் குறைக்கிற பட்டனை அழுத்திப் பார்த்தார். மெஷினை மந்தமாக்குகிற ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுப் பார்த்தார். அப்போது எண்ணிக்கை தட்டுத்தடுமாறி, கார்டு சூட்டை வாசிக்காமலே விட்டுவிட்டது. சாயங்காலம் ஆவதற்குள் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

“அதே வேகம் வேணும். பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ்” என்றாள் பூர்ணிமா.

“ஆமாங்க.”

“என்கிட்ட ஒண்ணு இருக்குது.”

ஜூடு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது முன்பே தெரியும், தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வேணாங்க மேடம். ஒங்க பெட்டி சின்னது, இந்தக் கார்டு அதுக்குள்ள போவாது. போர்டையே உருவித்தான் ஆவணும். சீலைக் கிழிக்கணும். இந்தத் தூசியில, இந்தச் சூட்டுல... அந்த மாதிரி கை படாத மெஷினு நான் வேற பாத்ததில்லை. நான் குரூப்புல ஆயிரம் பேசுவேன். அதுக்காக அதைப் போயி...”

பூர்ணிமா அவரையே பார்த்தாள். இத்தனை வருஷமாக ‘மாத்து, கழட்டு, எறி’ என்று எழுதிய மனிதர் இவர்தானா? கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கொட்டகையின் மறு கோடியில் பெண்கள் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வரலாமா வேண்டாமா என்று ஒருத்தி மதலேனாவிடம் கேட்டது காதில் விழுந்தது. மதலேனா, “போன் பண்றேன்” என்றாள்.

“நாளைக்குக் காலையில எங்க வூட்டுக்கு வாங்க சார்” என்றாள் பூர்ணிமா.

ராத்திரி ராஜ்மோகன், “நெஜமாத்தான் பிரிக்கப் போறியா?” என்று கேட்டான். அவள் பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். 

காலையில் சாப்பாட்டு மேஜை மேல் செய்தித்தாளை விரித்து மெஷினைத் தூக்கி வைத்தார்கள். சீலை அறுக்க ஜூடு பிளேடை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அவளிடமே நீட்டினார். அவள் ஒரே இழுப்பில் அறுத்தாள். காய்ந்த காகிதம், சத்தம்கூட இல்லை.

மூடி கழன்றது. உள்ளே தூசியே இல்லை. நேற்றுத்தான் செய்து முடித்தது போல போர்டு பளபளத்தது. ஓரத்தில் அதே பீப்பாய் பேட்டரி. அதன் ஒரு நுனியில், கடுகு அளவுக்குப் பச்சைப் பூ. அதிலிருந்து ஒரு மெல்லிய ஈரக்கோடு இறங்கி, முதல் செம்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்தது.

 ‘நான்தான் சொன்னேனே’ என்று ஜூடு சொல்லப்போகிறார் என்று பூர்ணிமா காத்திருந்தாள். சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எலுமிச்சம்பழம் இருக்குதுங்களா?” என்றார் அவர். “இதை முறிக்க அது போதும்.”

ராஜ்மோகன் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வந்தான். ஜூடு பேட்டரியைக் கத்தரித்து எடுத்தார். பஞ்சில் சாற்றைத் தொட்டு அவள் துடைத்தாள். பச்சை நுரைத்துக் கரைந்தது. மறுபடி துடைத்தாள். அடியில் செம்பு முழுசாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இத்தனை வருஷமும் அதை உள்ளே வைத்துப் பூட்டியிருந்திருக்கிறாள். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் வெளியே சீலும் உள்ளே அந்தப் பச்சைக் குழம்பும்தான் மிஞ்சியிருக்கும்.

“ஆனா நீங்க பத்திரமா வச்சிருந்ததாலதாங்க இந்தப் போர்டு இன்னிக்கு இருக்குது” என்றார் ஜூடு, அவள் முகத்தைப் பார்க்காமலே. “என்கிட்ட இருந்திருந்தா எப்பவோ எதுக்காச்சும் கழட்டி மாட்டிக் கெடுத்திருப்பேன்.”

அன்று மத்தியானம் சூளை மறுபடி ஏறியது. ஜூடு மூன்று பென்சில் செல்களை ஒரு டப்பாவில் போட்டு, போர்டுக்கு எட்டாத தூரத்தில் வயரில் தொங்கவிட்டிருந்தார். ஒழுகினாலும் அந்த டப்பாவோடு போகும். திரையின் நிமிடமும் பூர்ணிமாவின் கைக்கடிகாரமும் ஒன்றாக நகர்ந்தன. இருவரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு சூளைச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். வெடிக்கிற சத்தம் எதுவும் வரவில்லை. பொங்கலுக்குப் பத்து நிமிஷம் போட்டு அணைக்கிற மெஷின், தான் செய்யப் பிறந்த வேலையைச் செய்வதை அவள் அன்றுதான் பார்த்தாள். பெருமையாக இருந்தது. கூடவே, யாரோ தன்னிடம் கடன் வாங்கிப்போன பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்ப்பது போலவும் இருந்தது.

மறுநாள் சூளை ஆறிக் கதவைத் திறந்தபோது தட்டு தட்டாக வெள்ளைக் கட்டைகள் முழுசாக வந்தன. மதலேனா அன்றே எல்லோருக்கும் போன் செய்தாள்.

புதுக் கன்ட்ரோலர் சொன்னபடி ரெண்டு மாசத்தில் வரவில்லை. ஆடி முடிந்துதான் வந்தது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூர்ணிமாவும் ஜூடும் யூனிட்டில் உட்கார்ந்து, பழைய புரோகிராம் சூட்டை ஏற்றி இறக்குகிற விதத்தை நிமிடம் நிமிடமாகக் குறித்து, புதியதில் ஏற்ற வசதியாக எழுதிக் கொடுத்தார்கள். அதிலும் சண்டை வந்தது. மதலேனா டீ கொடுத்து நிறுத்தினாள்.

புதியது நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் பூர்ணிமா யூனிட்டுக்குப் போனாள்.

“டீச்சர், ஒங்க போர்டு இங்கயே இருக்கட்டுமே” என்றாள் மதலேனா. “புதுசு எப்பவாச்சும் படுத்துதுன்னா கைவசம் ஒண்ணு இருக்கும். ராசியான மெஷினு.”

கேட்டதில் தப்பில்லை. பூர்ணிமாவுக்குச் சரி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கொடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு முறை கொடுப்பது சுலபம். ஆனால் அவளுக்கு அது வேண்டும். அதை மறைப்பானேன்?

“இல்லக்கா. எனக்கு அது வேணும். புதுசு கெட்டுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க, எடுத்துட்டு வரேன்.”

மதலேனா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, “ஒங்க பொருளு, ஒங்களுக்கு இல்லாததா” என்று சொல்லி, தானே அலமாரியைத் திறந்தாள். முகத்தில் லேசான ஏமாற்றம் இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும்.

போர்டு முழுக்க வெள்ளைத் தூசி. துடைக்கத் துணி கொண்டுவரச் சொன்னாள் மதலேனா. “வேணாங்க, இப்படியே இருக்கட்டும்” என்று பூர்ணிமா ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சேலம் வண்டி போகிறவரைக்கும் நிற்கவேண்டும். அவள் ஜூடுக்குப் போன் போட்டாள்.

“வாங்கிட்டீங்களா?” என்றார் எடுத்ததுமே.

“வாங்கிட்டேன். பெட்டிக்குள்ள மாட்டணும். ஒரு ஆளால ஆவாது.”

“ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வரேங்க. அப்படியே பெட்டியில இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு தடவை...”

“அதுல கை வச்சீங்கன்னா கொன்னுடுவேன்” என்றாள் பூர்ணிமா. “சாப்பாட்டுக்கு வந்துடுங்க. வூட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.”