முசெம்பியின் சைக்கிளுக்கு வெள்ளை அடித்தவர்கள்

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஒரு டப்பா வெள்ளை பெயின்ட். அது இல்லாவிட்டால் நான் துக்கத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன்.

முதலில் 'நான்' என்றுதான் தொடங்கினேன். "நான் என் கணவனை ஜோகூ சாலையில்" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. சாலையில் என்ன செய்தேன்? இழந்தேனா? இல்லை, அங்கேதான் அவன் எனக்கு முழுசாகக் கிடைத்தான். ஆகவே 'நான்' வேண்டாம். கதையில் வருகிறவளுக்கு சியோம்புவா என்று பெயர் வைக்கிறேன். நைரோபியில், பள்ளித் தேர்வுத்தாள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறாள். என் வேலையும் அதுதான். கணவன் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவன் முசெம்பி.

2

தொடக்கம், முதல் முயற்சி: அன்று காலை மழை பெய்து

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.)

இரண்டாவது முயற்சி: காலை ஆறேகாலுக்கு டோன்ஹோம் பெட்ரோல் பங்க் ஓரமாக சைக்கிள்கள் சேரும். பதினைந்து, சில நாள் இருபது. எல்லாரும் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள். தனியாகப் போனால் ஆளேற்றும் மட்டாத்து வேன்கள் ஓரங்கட்டிவிடும். கூட்டமாகப் போனால் திட்டிக்கொண்டாவது வழி விடும். முன்னால் ஓடிண்டோ, எலக்ட்ரீஷியன், வயிறு ஹேண்டில்பாரைத் தொடும். கடைசியில் சோப்புக் கம்பெனி முசெம்பி. கிளம்பும் முன் முன்னாலிருந்து ஆளுக்கு ஒரு எண்ணாகக் கத்திக்கொண்டு வருவார்கள். கடைசி ஆள் தன் எண்ணைச் சொல்லி, "கதவு சாத்தியாச்சு!" என்பான். கடைசி ஆளுக்குப் பெயரே 'கதவு'தான். யாருக்காவது டயர் பஞ்சரானால் கதவு நிற்கும். கதவு நின்றால் வரிசையே நிற்கும்.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

முதல் நாலு வருடம் சியோம்புவா கேரியரில் உட்கார்ந்துதான் வந்தாள்.

"என்னடா முசெம்பி, இன்னைக்கும் லக்கேஜோடதான் வர்றியா?" என்பான் ஓடிண்டோ.

"லக்கேஜுக்கு வாய் இருக்கு, ஓடிண்டோ. உன் வயித்த நீ டிக்கெட் இல்லாம ஏத்திட்டு வர்றியே, அதைப் பாரு."

"அண்ணி, இது ஸ்பேர் டயர்!"

லக்கேஜுக்கு எண் கிடையாது. அதுதான் அவளை உறுத்தியது. முப்பத்தெட்டாவது வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த சர்ச் மைதானத்தில், சீட்டைப் பிடித்துக்கொண்டு முசெம்பி ஓட, அவள் மிதிக்கக் கற்றாள். முழங்கால் இரண்டும் உரிந்தன. ஒரு திங்கட்கிழமை, பழைய வாடகை சைக்கிள் ஒன்றில் வந்து வரிசையில் நின்று "பதினாலு!" என்று கத்தினாள். அவள் பின்னாலிருந்து "பதினஞ்சு, கதவு சாத்தியாச்சு!" என்று வந்த குரலில் பெருமை வழிந்தது.*

ஜோகூ சாலையில் மட்டாத்துகள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு நகராமல் நிற்கும். அவற்றின் ஓரமாகக் காற்றைப் போலப் போவார்கள். சுட்ட சோள வாசனை ஒரு வளைவில், எண்ணெயில் பொரியும் மண்டாசி வாசனை அடுத்ததில். படியில் தொங்கும் கண்டக்டர் ஒருவன் தினமும் கூப்பிடுவான்:

"மம்மி, வேர்த்துக் கொட்டுதே, ஏறிக்கறதுதானே!"

"தம்பி, நேத்து பார்த்த இடத்துலயேதான் இன்னும் நிக்கறே. வீட்டுக்குப் போனியா இல்லையா?"

வேனுக்குள் எல்லாரும் சிரிப்பார்கள். அவனும்தான்.

முசெம்பிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு தற்பெருமை. டீக்கடையில், சர்ச்சில், சம்பந்தமே இல்லாத இடத்தில்கூடச் சொல்வான்: "பதினெட்டு வருஷம் இந்த ரோட்டுல ஓட்டறேன். ஒரு கீறல் கிடையாது."

* பதினாலா, பதினாறா என்று உறுதியாக நினைவில்லை. கேட்டுச் சரிபார்க்க இருந்த ஒரே ஆள் இப்போது இல்லை. அந்தக் குரல் மட்டும் சரி.

3

இப்போது நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். ஒரு வளைவு, ஒரு வண்டி, உருண்டு போகும் சக்கரம். எழுதியும் பார்த்தேன்: "பின்னாலிருந்து வந்த வேன் பிரேக்கை"

முசெம்பி அப்படிச் சாகவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய், ஏழு மாதம் படுத்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது போனான். கதைக்கு இது உதவாது என்று தெரியும். ஆனால் நடந்தது இதுதான்.

படுத்திருந்த நாட்களில் தினமும் கேட்பான்: "இன்னைக்கு யாரு கதவு?"

"நாஃபுலா."

"அவளா? அவளுக்குத் திரும்பிப் பார்க்கவே தெரியாதே! நீ சொல்லு அவகிட்ட."

"நீயே வந்து சொல்லு."

(இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

அவனை அவன் சொந்த மண்ணான கிடூயியில் புதைத்தார்கள். சியோம்புவா மூன்று வாரம் அங்கே இருந்தாள். அங்கேதான் முடிவு செய்தாள்: திரும்பிப் போய் அவனுடைய சைக்கிளை, ஊரே கறுப்பு மாம்பா என்று கூப்பிடும் அந்தக் கனத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, வரிசையில் கடைசியாக, கதவாக ஓட்டுவது. அது ஓடிண்டோ வீட்டுக் கொட்டகையில் இருந்தது.

பஸ் நைரோபிக்குள் நுழைந்து ஜோகூ சாலை ரவுண்டானா வளைவில் திரும்பியபோது பார்த்தாள். விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டு, டயர், பெடல், மணி எல்லாம் வெள்ளையாக ஒரு சைக்கிள். மாவுச் சாக்கில் அவளே தைத்த கேரியர் மெத்தையும் வெள்ளை.

சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். வண்டி அடித்துச் செத்தவருக்குத்தான், செத்த இடத்தில்தான், வெள்ளைச் சைக்கிள் கட்டுவார்கள்.

மறுநாள் காலை பெட்ரோல் பங்கில் போய் நின்றாள்.

"யாரைக் கேட்டு பெயின்ட் அடிச்ச, ஓடிண்டோ?"

"அண்ணி... நம்ம கதவுக்கு நாம எதுவும் செய்யலன்னா எப்படி? எல்லாரும் அழுதுக்கிட்டேதான் அடிச்சோம்."

"அவன் ரோட்டுல சாகல."

நாஃபுலா செருப்பைப் பார்த்தாள்.

"அக்கா, சத்தியமா அது அப்பத் தோணவே இல்ல. பெரிய மரியாதைன்னா எங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும். பெயின்ட் காஞ்சப்புறம்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம்."

"காஞ்சப்புறம் கழட்டியிருக்கலாமே?"

"கழட்டத்தான் போனோம் அண்ணி," என்றான் ஓடிண்டோ. "அங்க ஒரு மட்டாத்து டிரைவர் பூ வெச்சுட்டு நின்னு அழறான். 'நான் இல்லண்ணே, என் வண்டி இல்லண்ணே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அவன்கிட்ட என்னன்னு சொல்றது? பயப்படாத தம்பி, கிட்னின்னா?"

சியோம்புவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முசெம்பி படுத்த நாளிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. சிரித்து முடித்ததும் இன்னும் கோபம் வந்தது.

"அதுலேர்ந்து எல்லா வண்டியும் அங்க ஸ்லோ பண்றாங்க, அக்கா," என்றாள் நாஃபுலா. "வாரத்துக்கு ஒருத்தராவது விழற வளைவு. இந்த மூணு வாரமா ஒருத்தரும் விழல."

"பதினெட்டு வருஷம், ஒரு கீறல் இல்லன்னு சொல்லிச் சொல்லியே செத்தான். இப்ப அந்த வழியா போறவன் எல்லாம் இந்த ரோடு அவன அடிச்சுப் போட்டுதுன்னு நினைக்கறான்."

ஓடிண்டோ பூட்டின் சாவியை அவள் கையில் வைத்தான். "நீங்க சொல்றதுதான், அண்ணி. நாங்க தொட மாட்டோம்."

5

ஓடிண்டோவை நான் நல்லவனாக்கிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. நிஜத்தில் அவன் அன்று கொஞ்சம் எரிந்தும் விழுந்தான். பெயின்ட் என்ன விலை தெரியுமா என்றான். அதை எழுத மனம் இல்லை. பார்த்தீர்களா, நானும் ஒரு கோட்டிங் அடிக்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவள் நான். தப்பைக் கண்டால் கை தானாகப் போகும். அந்தக் கம்பத்தில் நிற்பது தப்பு. ஆனால் என் தொழிலில் எந்தத் தப்பும் இதுவரை யாரையும் காப்பாற்றியதில்லை.

6

முடிவு ஒன்று: அவள் பூட்டைத் திறக்கிறாள், மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டுகிறாள், கறுப்பு வெளியே வருகிறது, ஓட்டுகிறாள். அடுத்த வாரம் அந்த வளைவில்

(எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: விட்டுவிடுகிறாள். அவளுக்கு அது ஒரு நாள்கூடப் பழகவில்லை.

முடிவு மூன்று: ஒரு பலகை மாட்டுகிறாள். 'இவர் சாலையில் சாகவில்லை. பதினெட்டு வருடம் கீறல் இல்லாமல் ஓட்டினார்.' ஓடிண்டோவிடம் கேட்டாள். "அதைப் படிச்சுட்டு எவன் அண்ணி ஸ்லோ பண்ணுவான்? அப்ப நமக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு ஆக்சிலரேட்டர இன்னும் மிதிப்பான்," என்றான்.

ஆகவே சியோம்புவாவைக் கம்பத்தருகே நிறுத்தி வைத்திருக்கிறேன். காலை வெயில் வெள்ளைக் கம்பிகளில் விழுகிறது. சாவி பூட்டுக்குள் போய்விட்டது. இன்னும் திருப்பவில்லை.

அந்த வளைவில் முசெம்பி சாகவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஊரில் மற்ற டிரைவர்களுக்குத் தெரியாது. நாளைக்கு நீங்கள் அந்தப் பக்கம் வண்டியில் வருகிறீர்கள், வேலைக்கு நேரமாகிவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். வேகத்தைக் குறைப்பீர்களா?

உண்மையைச் சொல்லுங்கள். அவள் காத்திருக்கிறாள்.