யாரோ எழுதிய பாட்டு

சொடுக்கிக்கொண்டிருக்கிறார்கள், அந்த நிலவறைக் காபிக்கடையில் நாற்பது பேரும், கைதட்டினால் மாடியில் குடியிருப்பவர்கள் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதால் விரலைச் சொடுக்கித்தான் பாராட்ட வேண்டும், நியூயார்க்கில் அது அறுபத்திரண்டாம் வருடம், நான் புள்ளியியல் படிக்கப் போனவள், எங்கள் வீட்டில் கொட்டாவி வந்தால்தான் வாயருகே சொடுக்குவோம், அதனால் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, கிட்டாரோடு மேடையில் நிற்கும் வெர்னா, என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் வெர்னா கோல், சிரிக்காதே என்று கண்ணாலேயே அதட்டுகிறாள், பிறகு கூட்டத்தைப் பார்த்து, இது எங்கள் மலைப்பக்கத்துக் கிழவி ஒருத்தி சொல்லிக்கொடுத்த பழம்பாட்டு என்கிறாள், அடிப் பாவி, எந்த மலை, எந்தக் கிழவி, ஒஹையோவில் அவள் ஊரில் ஒரு மண்மேடுகூடக் கிடையாது, போன செவ்வாய்க்கிழமை நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்து, செத்துப்போன தங்கையின் நீல கவுனைப் பற்றி அவளே எழுதிய பாட்டு அல்லவா அது, ஆனால் அங்கே பழசுக்குத்தான் மதிப்பு, யார் எழுதியதென்று தெரியாத பாட்டென்றால் கண்ணை மூடிக் கேட்பார்கள், இருபத்திரண்டு வயதுப் பெண் தானே எழுதியது என்றால் கோப்பையைக் கலக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் பாடுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கிழவியைக் கைவசம் வைத்திருந்தார்கள்.

அவளுடைய ஒரே இசைத்தட்டுக்குப் பாட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான், என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, இது ஒண்ணுக்கு மட்டும் என் பேரைப் போடேன், என் தங்கச்சி பாட்டுடி இது, என்று கேட்டாள், இன்றைக்கும் என் காதுக்குள் கேட்கிறாள், நான் பெரிய மேதாவி, ஊரெல்லாம் கிழவி பாட்டுன்னு சொல்லிட்டு இப்ப மாத்தினா உன்னைப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா, என்கிறேன், எழுதியவர் தெரியவில்லை என்று நான் தட்டினேன். தட்டு விற்கவில்லை, வெர்னா ஊருக்குத் திரும்பிச் சலவைக்கடையில் வேலை பார்த்து அங்கேயே செத்தும் போனாள், பாட்டு மட்டும் வாய்க்கு வாய் தாவி, கடல் தாண்டி, அறுபது வருடம் கழித்துச் சென்னையில் எங்கள் அடுக்குமாடி ஆண்டுவிழாவுக்கு வந்து நிற்கிறது, பிள்ளைகள் வரிசையாக நின்று நீல கவுனைப் பாடி முடிக்கிறார்கள், இது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, யார் எழுதினதுன்னு யாருக்குமே தெரியாது, என்கிறாள் பாட்டு டீச்சர் செண்பகா, எனக்குத் தெரியும்மா, என்று கேட்பது என் குரல்தான், எழுந்து நின்றுவிட்டேன், எழுதினவ பேரு வெர்னா கோல், எழுதறப்ப நான் பக்கத்துல இருந்தேன், அவ பேரு இல்லாமப் பண்ணினதும் நான்தான்.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது, அவமானமாக இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது, செண்பகா பேனாவை எடுத்து, பேரை இன்னொருவாட்டி சொல்லுங்கம்மா, என்று கேட்டு நிகழ்ச்சித்தாளில் எழுதிக்கொள்கிறாள், பெயரை அறிவித்துப் பிள்ளைகளை மறுபடி பாடச் சொல்கிறாள், முடிந்ததும் எல்லோரும் மாடி அதிரக் கைதட்டுகிறார்கள், போலீசைக் கூப்பிட யாருமில்லை, நான் மட்டும் சொடுக்குகிறேன், மூட்டுவாதம் பிடித்த விரலில் சத்தமே வரவில்லை, விடாமல் சொடுக்குகிறேன், சிரிக்காதே என்று அதட்ட அவள் இல்லை, எனக்குச் சிரிப்பும் வரவில்லை.