டென்சில் பாஸ்கோவைக் கொல்ல முடியவில்லை

வெள்ளிக்கிழமைக்குள் டென்சில் பாஸ்கோவைக் கொன்றாக வேண்டும். மனசே வரவில்லை.

நான் துப்பறியும் நாவல் எழுதுகிறவள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் கடலோரத்துச் சின்ன ஊர் எங்களுடையது. போன வருஷம் உயிர்காக்கும் படகுக்காக பப்பில் நிதி திரட்டினார்கள். எழுத்தாளர் வேறென்ன கொடுப்பார்? 'அடுத்த நாவலில் சாகிறவருக்கு உங்கள் பெயர்' என்று ஏலம் விட்டேன். பப்பே அலறியது. ஜெயித்தவர், மாவுக்குள் கறி வைத்துச் சுடும் பேஸ்டி விற்கிற கடைக்காரர் டென்சில். அன்றிலிருந்து கடைக் கண்ணாடியில் ஓர் அட்டை: 'விரைவில் கொலையாகப் போகிறேன். இருக்கும்போதே வாங்கிச் சாப்பிடுங்கள்.'

கொல்வதற்கு முன்னால் சும்மா ஒரு காட்சி எழுதினேன். இன்ஸ்பெக்டருக்குச் சூடாகப் பேஸ்டி கொடுத்து டென்சில் வம்பு பேசினார். அவ்வளவு அழகாகப் பேசினார்! இன்னொரு காட்சி. இன்னும் ஒன்று. பதிப்பாளர் வைத்த கெடு வெள்ளிக்கிழமை; முக்கால் நாவல் முடிந்தும் மனுஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். அவருக்குப் பதில் ஒரு வீட்டுத் தரகரைக் கொன்று சமாளித்திருந்தேன்.

சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனேன்.

"வா மொர்வென்னா! என் புருஷனுக்குக் கத்தியா, விஷமா?" என்றாள் கல்லாவிலிருந்த வெண்டி.

"விஷம் எதுக்கு? அவர் பேஸ்டியவே ரெண்டு குடுத்தாப் போதும்," என்றார் வரிசையில் நின்ற மீனவர் ஹெட்லி.

"டேய் ஹெட்லி, காசு குடுத்தாக்கூட உன்னை எவளும் கொல்ல மாட்டாடா!" உள்ளே மாவு மேஜையிலிருந்து டென்சில்.

"டென்சில்... நீங்க சாகல," என்றேன்.

டென்சில் மேஜையை விட்டு எட்டிப் பார்த்தார்.

"சாகலையா? ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? ஆஸ்திரேலியாவுல எங்க அக்கா வரைக்கும் சொல்லிட்டேனே!"

"தப்பே இல்ல. உங்களைக் கொல்ல மனசு வரல."

அவர் மேஜைக்குத் திரும்பி, வட்டமாக இட்ட மாவில் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடி, ஓரத்தைப் பக்கவாட்டில் மடித்தார். நான் அந்த விரல்களையே பார்த்தேன். என் நாவலில் அவர் உச்சியில் அல்லவா மடிக்கிறார்! அது பக்கத்து மாவட்டத்து டெவன்காரர்கள் வழக்கம். என் அம்மா டெவன்காரி. வீட்டில் பார்த்ததை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரராவது அப்படி மடிப்பாரா?

அப்படியானால் அந்த ஆள் டென்சிலே இல்லை!

"டென்சில்! அவன் நீங்க இல்ல! உங்களை மாதிரியே இருக்கிற டெவன்காரன், உங்க கடையில வந்து உக்காந்துட்டான். நீங்க முதல் பக்கத்துக்கு முன்னாடியே செத்தாச்சு!"

"எங்க கெடக்கேன்?"

"நிலவறையில, மாவு மூட்டைக்கு அடியில. அதைப் பாத்துட்டதாலதான் தரகரும் செத்தார்."

"அடி வெண்டி, நான் செத்துட்டேண்டி!" டென்சில் மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார்.

"அப்போ புத்தகம் பூரா நான் டெவன்காரனோடயா குடும்பம் நடத்துறேன்?" வெண்டி கொஞ்சம் யோசித்தாள். "அவனாவது பாத்திரம் கழுவுறானா?"

ஹெட்லி சிரித்து முடிப்பதற்குள் நான் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். கழுவுவான். அதையும் எழுதிவிட வேண்டும்.