அப்பாவின் மூன்று டப்பாக்கள்

மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றபடி பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் பெரியவள். யாராவது இரும்புச்சத்து மாத்திரை கேட்டு வந்தால் போதும், கால்சியமும் சாப்பிடுகிறீர்களா என்று துருவி எடுத்துவிடுவாள். ரெண்டையும் ஒரே வேளையில் போடாதீர்கள், ஒன்று காலையில் என்றால் இன்னொன்று ராத்திரி. வைட்டமின் டி உடம்பிலேயே தங்கிவிடும், சத்துதானே என்று அள்ளிப் போட்டால் ஆளையே கவிழ்த்துவிடும். வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள், எல்லா டப்பாவையும் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் இப்படிக் கேட்டவள் பெற்ற அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இங்கே சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனிக்கட்டை. மூன்று பிள்ளைகளுக்கும் திடீரென்று அவர்மேல் பாசம் பொங்கியது. யார் பாசம் பெரிசு என்ற போட்டியும் கூடவே வந்தது, அதை மட்டும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வேன் ஓட்டும் தம்பி, எலும்புக்கு நல்லது என்று ஒரு பெரிய டப்பா வாங்கிவந்தான். சின்னவள், எல்லாச் சத்தும் அடங்கியது என்று இன்னொன்று கொண்டுவந்தாள். பெரியவள் விடுவாளா? வீரியம் அதிகமான வைட்டமின் டி மாத்திரை, வாரத்துக்கு ஒன்று, ஒரு வருஷத்துக்கு வேண்டியதை ஒரே டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அடிக்கடி வந்துபோக வேண்டாம் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று என்று சொல்லத்தான் சொன்னாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

ரெண்டே மாசத்தில் அப்பா பாதி ஆளாகிவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை, எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. ஒரு நாள் காலையில் சின்னவளைப் பார்த்து நீ யாரும்மா என்று கேட்டார். அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது, கிட்னி பாதிக்குமேல் அடிவாங்கிவிட்டது, மீதி தேறுமா என்று ஒரு வாரம் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர். இவ்வளவு வைட்டமின் டி உள்ளே போனது எப்படி என்று அவர்களையே திருப்பிக் கேட்டார்.

சின்னவள் வீட்டுக்கு ஓடி, கண்ணில் பட்ட ரெண்டு டப்பாக்களை எடுத்துவந்தாள். அவளுடையதிலும் டி இருந்தது, தம்பியுடையதிலும் இருந்தது. ரெண்டிலும் இருந்தது கொஞ்சம்தான் என்று பெரியவளுக்குப் பார்த்ததுமே தெரியும். தெரிந்து என்ன செய்ய, ஆத்திரத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வராந்தாவில் நாலு பேர் பார்க்கத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாதவன் எதுக்குடா மருந்து வாங்குறே? அப்பாவைக் கொன்னுட்டியேடா."

நாற்பது வயசு ஆம்பிளை, பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மறுநாள் மத்தியானம் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. பக்கத்தில் பெரியவள் மட்டும்தான். அவள் கையைத் தடவி, நீ கொடுத்த மாத்திரை தீர்ந்துபோச்சு, இன்னொரு டப்பா கொண்டுவா என்றார். ஒரு வருஷத்துக்குக் கொடுத்தது எப்படித் தீரும் என்று கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேரோடதையும் தினமும் போடுறேன். உன்னோடதை மட்டும் வாரத்துக்கு ஒண்ணுன்னா நல்லாவா இருக்கும்? தெரிஞ்சா நீ வருத்தப்படுவியேன்னு அதையும் தினமும் போட்டேன்."

நேரே டாக்டர் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டு, நல்லவேளை இப்போதாவது சொன்னீர்கள் என்றார். பாவி, திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

வெளியே வந்தாள். தம்பி எழுந்து நின்றான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். பக்கத்தில் சின்னவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுக்கா. நீ படிச்சவ. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கியிருக்கணும்."

பெரியவள் வாயைத் திறந்தாள். சின்னவளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"சரி விடு," என்றாள். "இனிமேலாவது கேட்டு வாங்கு."